கேப்டவுனில் ஒரே ஒரு சனிக்கிழமை: மடக்கு சைக்கிளும் பஸ்ஸும் போதுமா?

மிட்ராண்ட்_மணி:

வணக்கம் மக்களே. நான் ஜோபர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் கேப்டவுனைப் பார்க்கவில்லை என்றால் ஆபீசில் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். ஜனவரியில் வேலை விஷயமாக அங்கே வருகிறேன். வெள்ளி ராத்திரி வேலை முடியும், ஞாயிறு காலை பத்து மணிக்கு விமானம். ஆக என் கையில் இருப்பது ஒரு சனிக்கிழமை மட்டும்.

கார் வாடகைக்கு எடுக்கப் போவதில்லை. ஊபரும் வேண்டாம் என்று ஒரு வீம்பு. போன வருஷம் வாங்கிய மடக்கு சைக்கிள் இருக்கிறது, சின்னச் சக்கரம், இருபது அங்குலம். அதைப் பையில் போட்டு விமானத்தில் கொண்டு வருகிறேன். ஜோபர்க்கில் அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கவே தைரியம் வரவில்லை, கேப்டவுனில் ஓட்டலாம், பஸ்ஸிலேயே ஏற்றலாம் என்கிறார்கள், உண்மையா?

என் திட்டம் இதுதான்: காலை ஏழு மணிக்கு மேசை மலை, பத்து மணிக்கு ரொபன் தீவு, மதியம் கேப் பாயிண்ட், சாயங்காலம் போ-காப் கலர் வீடுகள், ராத்திரி வாட்டர்ஃபிரண்டில் சாப்பாடு. தங்குவது ஊருக்குள்ளே, சிவிக் சென்டர் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். முடியுமா முடியாதா, முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

முடியாது. முகத்துக்கு நேரே சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன்.

பட்டியலில் ரொபன் தீவை முதலில் அடித்துவிடுங்கள். படகில் போய், சுற்றிப் பார்த்து, திரும்பி வர கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், அதுவும் கடல் ஒத்துழைத்தால். அடுத்தது கேப் பாயிண்ட். அது ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல், அந்த முனை வரைக்கும் டவுன் பஸ்ஸும் கிடையாது ரயிலும் கிடையாது. ரயில் சைமன்ஸ் டவுன் வரைதான், அதுவும் ஃபிஷ் ஹூக் தாண்டினால் தண்டவாளத்தில் கடல் மணல் ஏறிவிட்டது என்று அவ்வப்போது நிறுத்திவிடுவார்கள். இரண்டையும் இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஊர் எங்கேயும் ஓடிவிடாது.

இப்போது முக்கியமான விஷயம். ஜனவரியில் இங்கே நாளைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை, காற்று. தென்கிழக்கிலிருந்து அடிக்கும், ஊர்க்காரர்கள் அதற்கு ‘கேப் டாக்டர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஊரின் புகையையும் நோயையும் அடித்துக்கொண்டு போகிறதாம். நோயை அடித்துப் போகிறதோ இல்லையோ, சைக்கிள்காரனை அடித்துப் போகும். மலை மேல் வெள்ளை மேகம் விரிப்பு மாதிரி வழிந்தால் காற்று வந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்குக் கேபிள் கார் ஓடாது. அதனால் காலை எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து மலையைப் பாருங்கள், அப்புறம் கேபிள் காரின் இணையதளத்தைப் பாருங்கள், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று போட்டிருப்பார்கள். திறந்திருந்தால் வேறு எதுவும் யோசிக்காமல் முதலில் மேலே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர், அதில் ஒருவர் என் மாமனார், மூன்று முறை வந்தும் இன்னும் மேலே போகவில்லை. 1929இலிருந்து ஓடுகிற கேபிள் கார், ஒரு நடைக்கு அறுபத்தைந்து பேர், ஐந்து நிமிஷத்தில் ஏற்றிவிடும், தரை தானாகச் சுழலும் என்பதால் ஜன்னலோரம் இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டாம்.

மலைக்கு சைக்கிள் எடுக்காதீர்கள். 106 அல்லது 107 பஸ்ஸில் க்ளூஃப் நெக் வரை போய், அங்கிருந்து 110 மாறினால் கேபிள் கார் வாசலிலேயே விடுவான். ‘மேலேயிருந்து கேம்ப்ஸ் பே கடற்கரைக்கு சைக்கிளில் இறக்கத்தில் விட்டால் எப்படி இருக்கும்’ என்று ஒரு ஆசை வரும். வேண்டாம். இருபது அங்குலச் சக்கரத்துக்கும் அந்த பிரேக்குக்கும் அந்த இறக்கம் ஆகாது.

பஸ் பற்றி. ஊருக்குள் ஓடுவது மைசிட்டி, 2010 உலகக் கோப்பை நேரத்தில் ஆரம்பித்தது. பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள். மைகனெக்ட் அட்டை வாங்கிப் பணம் போட்டுக்கொள்ள வேண்டும், சிவிக் சென்டர் நிலையத்திலேயே கிடைக்கும், ஆளுக்கு ஒரு அட்டை. ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. இறங்கும்போது தட்ட மறந்தால் அட்டையிலிருந்து கூடுதலாகப் போகும், சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள். தூரத்துக்குத் தகுந்த கட்டணம், வேலை நாளில் காலையும் மாலையும் நெரிசல் நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், சனிக்கிழமை அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சனிக்கிழமை பஸ்களுக்கு இடையே இடைவெளி கூட இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பெரிய பஸ்ஸில் நடுக்கதவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும், சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ வந்தால் நாம்தான் நகர வேண்டும். உங்களுடையது மடக்குவது, காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.

சைக்கிளை எடுக்க வேண்டிய இடம் கடற்கரை. வாட்டர்ஃபிரண்டிலிருந்து கிளம்பி கிரேஞ்சர் பே, மூய் பாயிண்ட், சீ பாயிண்ட் என்று பேன்ட்ரி பே வரை கடலை ஒட்டியே நடைபாதை, சைக்கிளும் விடலாம், ஆனால் நடப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை, மணியை அடித்துக்கொண்டே பறந்தால் பாட்டிகள் திட்டுவார்கள், சரியாகவும் திட்டுவார்கள். சனிக்கிழமை காலை கிரேஞ்சர் பேயில் ஓரான்யசிக்ட் சந்தை நடக்கும், ரொட்டி, பழம், காபி எல்லாம் கிடைக்கும், விலை மட்டும் மிட்ராண்டுக்காரரையே யோசிக்க வைக்கும். சிவப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்த பட்டை அடித்த கலங்கரை விளக்கம் ஒன்று வழியில் நிற்கும், 1824இல் ஏற்றியது, இந்த நாட்டுக் கரையில் இன்றும் எரிகிறவற்றில் அதுதான் மூத்தது.

சாட்ஸ்வொர்த்_அக்கா:

தம்பி, நான் டர்பனில் பிறந்தவள், கல்யாணம் ஆகி இங்கே ரைலண்ட்ஸில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று சொன்னதெல்லாம் நல்ல திட்டம். ஆனால் அதில் கேப்டவுன்காரர்கள் எங்கே? கடற்கரையும் மலையும் காபியும் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் படத்தைப் பார்த்தது மாதிரிதான். ஒரு தடவையாவது மினிபஸ் டாக்ஸியில் ஏறுங்கள். ஜோபர்க்கில் நீங்கள் விரலைக் காட்டி வண்டியை நிறுத்துவீர்கள், இங்கே அதெல்லாம் இல்லை, ‘காச்சி’ என்று ஒரு பையன் கதவில் தொங்கிக்கொண்டு ‘மோப்ரீ, காஆஆப்!’ என்று வண்டி போகிற இடங்களைக் கத்துவான், அவனே காசு வாங்குவான், அவனே கதவைச் சாத்துவான், அவனே வழியில் போகிறவர்களைக் கேலியும் செய்வான். சீ பாயிண்ட் மெயின் ரோட்டில் ஊருக்குத் திரும்பும்போது ஏறுங்கள், பகல் நேரத்தில் பயமில்லை. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பெரிய நோட்டை நீட்டினால் வண்டி முழுக்க உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே ‘கறி’ என்று போட்டிருந்தால் எங்கள் டர்பன் கறி என்று நினைத்துவிடாதீர்கள். கேப் மலாய் சமையலில், அதாவது போ-காப் பக்கத்து மக்கள் சமையலில், காரம் பேருக்குத்தான், இறைச்சியில் உலர்ந்த திராட்சையைப் போடுவார்கள், எனக்கு இருபத்திரண்டு வருஷமாகியும் அது மட்டும் பழகவில்லை. அவர்கள் சமூசா நன்றாக இருக்கும். கேட்ஸ்பி என்று ஒரு முழ நீளத்துக்கு ரொட்டி, உள்ளே உருளைக்கிழங்கு வறுவலும் இறைச்சியும் திணித்துத் தருவார்கள், தனியாக வாங்காதீர்கள், அது நாலு பேர் பிய்த்துச் சாப்பிடுகிற சாமான்.

நேரம் இருந்தால் எங்கள் ரைலண்ட்ஸ் சிவ ஆலயத்துக்கு வாருங்கள். தைப்பூசக் காவடிக்கு ஏற்பாடு நடக்கிற நேரம், ஆள் இருப்போம்.

நாகைக்காரன்:

போ-காப்பை சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள், பதினோரு மணிக்கே போய்விடுங்கள், காரணம் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு இடம். பயண வழிகாட்டிகளில் இது ஒரு வரிகூட வராது.

ஊர் நடுவே சர்ச் சதுக்கம் என்று ஒரு திறந்த இடம், ஆடர்லி தெருவிலிருந்து இரண்டு நிமிஷ நடை. அங்கே தரையில் 11 கருங்கல் கட்டைகள் கிடக்கும். மதிய இடைவேளையில் அதன் மேல் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார்கள், நானும் முதல் தடவை அப்படித்தான் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் கல் முழுக்கப் பெயர்கள். டச்சுக் கம்பெனி காலத்தில் இங்கே அடிமைகளாக இருந்தவர்களின் நினைவாக 2008இல் வைத்தது. பக்கத்திலேயே அவர்களை அடைத்து வைத்திருந்த கட்டடம், 1679இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம், பெயரே ‘ஸ்லேவ் லாட்ஜ்’.

இதில் நமக்கென்ன என்று கேட்டால், நிறைய இருக்கிறது. கேப்புக்கு வந்த அடிமைகள் மலாய்க்காரர்கள், இந்தோனேசியாக்காரர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பழைய பதிவேடுகளில் ‘ஃபான் பெங்காலன்’, ‘ஃபான் மலபார்’, ‘ஃபான் கோரமாண்டல்’ என்று எத்தனையோ பேர். இன்ன ஊரான் என்று அர்த்தம். கோரமாண்டல் என்றால் சோழமண்டலக் கரைதானே. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரன் பிடித்தது எங்கள் நாகப்பட்டினம். பழவேற்காடும் அவன் கையில்தான் இருந்தது. அங்கேயிருந்தெல்லாம் ஆட்களைக் கப்பலில் ஏற்றியிருக்கிறான். 1860இல் டர்பனுக்குக் கரும்புக் காட்டு வேலைக்கு வந்தவர்கள்தான் இந்த நாட்டில் முதல் தமிழர்கள் என்று நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதற்கு இருநூறு வருஷம் முந்தைய கதை இது. அந்த அடிமைகளின் பெயரைக் கேட்டு எழுதச் சோம்பல்பட்டு, வந்த மாதத்தையே பெயராக வைத்துவிட்டதும் உண்டு. இன்றும் இந்த ஊரில் செப்டம்பர், ஏப்ரல், பிப்ரவரி என்று குடும்பப் பெயர் உள்ளவர்களைச் சந்திப்பீர்கள். என் அலுவலகத்திலேயே ஒரு திருமதி பிப்ரவரி இருக்கிறார். அவருடைய முன்னோர் எந்தக் கரையிலிருந்து ஏறினார்களோ, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனால் ரசம் வைத்துக் கொண்டு போனால் அவர்தான் முதலில் கிண்ணத்தை நீட்டுவார்.

சதுக்கத்திலிருந்து வேல் தெரு வழியாக நேரே ஏறினால் போ-காப். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள், கல் பாவிய செங்குத்துத் தெரு, மிதித்தால் பல் ஆடும். டார்ப் தெருவில் அவ்வல் மசூதி, 1790களில் எழுந்தது, தென்னாப்பிரிக்காவின் முதல் மசூதி. வீட்டுச் சுவரில் சாய்ந்து படம் எடுப்பதற்கு முன்னால் உள்ளே ஆள் குடியிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சினிமா செட்டில் வாழவில்லை.

பதினோரு மணிக் காரணம்: மேலே சிக்னல் ஹில்லில் 1902 முதல் மதியம் பன்னிரண்டுக்குப் பீரங்கி சுடுகிறார்கள், ஞாயிறு தவிர. போ-காப் அதற்கு நேர் கீழே இருக்கிறது. கையில் டீக் கோப்பை இருந்தால் 11:59க்குக் கீழே வைத்துவிடுங்கள்.

மிட்ராண்ட்_மணி:

அடேயப்பா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கேப் பாயிண்ட்டும் ரொபன் தீவும் போச்சு, மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரு சந்தேகம்: மதியத்துக்கு மேல் என்ன செய்வது? ப்ளூபர்க் கடற்கரையிலிருந்து மலையைப் பார்த்தால்தான் அந்தக் காலண்டர் படம் கிடைக்கும் என்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் டேபிள் வியூ வரை பஸ் பாதையை ஒட்டியே சைக்கிள் பாதை இருக்கிறது, பதினாறு கிலோமீட்டர் போல. போய்த் திரும்பினால் முப்பத்திரண்டு, என் காலுக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

உப்புக்காற்று:

உங்கள் காலுக்குப் பெரிதில்லை, காற்றுக்கு நீங்கள் பெரிதில்லை.

போகும்போது சைக்கிள், வரும்போது பஸ். இதை மாற்றிச் செய்யாதீர்கள். வடக்கே போகும்போது காற்று முதுகிலும் பக்கத்திலும் தள்ளும், சும்மா உட்கார்ந்திருந்தாலே வண்டி ஓடுகிற மாதிரி இருக்கும், ‘அட, நமக்கு இவ்வளவு பலமா’ என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும். நான் இங்கே வந்த புதிதில் ஒரு டிசம்பர் சாயங்காலம் மில்நர்ட்டன் கடற்காயல் பக்கம் எதிர்க்காற்றில் மிதித்து மிதித்து, கடைசியில் ஒரு அம்மா குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். அன்றோடு விட்டேன். டேபிள் வியூ நிலையத்தில் T01 பஸ் ஏறினால் தனிப் பாதையில் சிவிக் சென்டருக்குக் கொண்டுவந்து விட்டுவிடும், பக்கத்துத் தடத்தில் கார்கள் நிற்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டே வரலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஊரை விட்டு வெளியேறுகிற முதல் சில கிலோமீட்டர், பார்டன் ஐலண்ட் பக்கம், கிடங்குகளும் வெட்டவெளியும், வார இறுதியில் ஆள் நடமாட்டமே இருக்காது. தனியாக அதில் போக வேண்டாம். சைக்கிளோடு T01 ஏறி மில்நர்ட்டனில் இறங்கி அங்கிருந்து மிதியுங்கள், தூரமும் குறையும், இதற்குப் பெயர் கோழைத்தனம் இல்லை. அடுத்தது முள். பாதையோரத்தில் ‘டுவெல்கி’ என்று ஒரு முள் கிடக்கும், பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியும், நம்மூர் நெருஞ்சியேதான், இல்லையென்றால் அதன் தம்பி. எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்தபடிதான் கிடக்கும். மாற்று ட்யூப் இரண்டு, கைப்பம்பு ஒன்று, கட்டாயம். இருபது அங்குல ட்யூப் அவசரத்துக்குக் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள்.

மிட்ராண்ட்_மணி:

போய் வந்தாச்சு. கேட்டவர்களுக்காக, எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

காலை ஐந்தேமுக்காலுக்கு ஜன்னலைத் திறந்தேன். மலைக்கு மேல் வெள்ளை விரிப்பு, தடிமனாக, ஓரமெல்லாம் வழிகிறது. இணையதளத்தில் மூடியிருக்கிறது என்று சிவப்பில் போட்டிருந்தது. உப்புக்காற்றின் மாமனாரை நினைத்துக்கொண்டேன். சரி, நேரே கடற்கரை. சிவிக் சென்டர் பக்கம் உயரமான கட்டடங்களுக்கு நடுவே காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தூக்கியது, ஒரு மூலையில் இறங்கித் தள்ளினேன், தொப்பி ஒன்று யாருடையதோ என்னைத் தாண்டி உருண்டு போனது. ஆனால் சீ பாயிண்ட் திரும்பியதும் அதே ஊரா என்று இருந்தது, அங்கே காற்று பாதிதான். பாசி வாசனை, நாய் நடத்துபவர்கள், குளிர்கிற தண்ணீரில் குளிக்கிற வயதானவர்கள். பேன்ட்ரி பே வரை போய், கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்து இட்லிப் பொடி தடவிய ரொட்டியைச் சாப்பிட்டேன் (ஆமாம், மிட்ராண்டிலிருந்து கொண்டு வந்தது).

சர்ச் சதுக்கம் போனேன் நாகைக்காரரே. ஒரு கட்டையைச் சுற்றி வந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். சனிக்கிழமை என்பதால் ஆளே இல்லை, ஒரு காவலாளி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் அவரே பக்கத்தில் வந்து வேறொரு கல்லைக் காட்டி ‘இதையும் படி’ என்றார். வேறெதுவும் பேசவில்லை.

பீரங்கிக்குத் தயாராகத்தான் இருந்தேன், போனில் மணி பார்த்தபடி. 11:58க்கு ஒரு அம்மா சமூசாத் தட்டை நீட்டினார், காசு எடுக்கக் குனிந்தேன், டமார். சமூசா தெருவில். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இன்னொன்று வைத்தார், காசு வாங்கவில்லை. இவர்களைப் பற்றி அக்கா காரம் இல்லை என்று குறை சொல்லலாமா?

மதியம் T01இல் மில்நர்ட்டன், அங்கிருந்து மிதித்தேன். முதுகில் காற்று, சொன்ன மாதிரியே ‘நமக்கு இவ்வளவு பலமா’ என்று தோன்றியது. நெருஞ்சி ஒன்று பின் சக்கரத்தில், ஒன்றோடு முடிந்தது, ட்யூப் மாற்ற இருபது நிமிஷம், மணல் கண்ணில். டேபிள் வியூ கடற்கரையில் பட்டம் கட்டிக்கொண்டு அலையில் பறக்கிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். இந்தப் பக்கம் மலை, விரிப்போடு, காலண்டர்தான். அந்தப் பக்கம் தட்டையாக ஒரு கோடு மாதிரி ரொபன் தீவு. ஏழு கிலோமீட்டர்தானாம். படகில் போகாமல் பார்த்தாகிவிட்டது என்று கணக்கு எழுதிக்கொண்டேன். எட்டு மணி வரை வெளிச்சம், அவசரமே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். சிவிக் சென்டரில் கண் விழித்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, தட்டாமலே ஒரு பெரியவர் பின்னாலேயே கதவைத் தாண்டி வந்துவிட்டேன். விடுதி வாசலில்தான் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மினிபஸ் டாக்ஸியும் ஏறினேன் அக்கா, ஞாயிறு காலையில், சீ பாயிண்ட்டிலிருந்து, காபி குடிக்கப் போய்த் திரும்பும்போது. மடக்கிய சைக்கிளைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் ‘இதுக்கும் டிக்கெட் வேணும் அங்கிள்’ என்றான், வண்டியே சிரித்தது. எனக்கு முப்பத்திரண்டு வயசுதான்.

சாட்ஸ்வொர்த்_அக்கா:

எல்லாம் சரி தம்பி. டாக்ஸியில் மோப்ரீ வரை வந்திருந்தால் அங்கேயிருந்து ரைலண்ட்ஸ் எவ்வளவு தூரம்? கோயிலுக்கு வந்தீர்களா இல்லையா, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே.

மிட்ராண்ட்_மணி:

அக்கா... பத்து மணி விமானம்...